மச்சானின் எருமைச் சைக்கிள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சோறு தின்னவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. உண்மைக் காரணத்தை மனைவியிடம் சொல்ல வெட்கம். கல்முனையில் இருந்து இதை வாசிக்கிற உங்களிடம் சொல்லலாம். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

நான் இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினம். கப்பல் திருத்தும் தளத்தில் வெல்டிங் வேலை. ஓய்வு கிடைத்தால் கராஜுக்குள் போய்விடுவேன். அங்கே பழைய பாணிச் சைக்கிள்கள் கட்டுவேன். விற்பதற்கல்ல, ஆசைக்கு. நம் வாப்பாமார் இளைஞர்களாக இருந்த காலத்தில் இங்கத்தைய பிள்ளைகள் ஓடிய சைக்கிள் இது. தடித்த டயர், பின்னால் வளைந்து மடிக்கு வருகிற அகன்ற ஹேண்டில், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் நடுவில் ஒரு டேங்க். அந்த டேங்குக்குள் ஒன்றும் இல்லை, வெறும் அழகு. பிரேக்கைத் தேடிக் கை போகாது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கும். பத்து கியர் வைத்த மெல்லிய சைக்கிள்கள் வந்தபோது இதையெல்லாம் குப்பையில் எறிந்தவர்கள், இப்போது தேடித் திரிகிறார்கள்.

என்னைப் போன்ற பைத்தியங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கடற்கரை வாகனத் தரிப்பிடத்தில் சைக்கிள்களை நிறுத்திவைத்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இந்த முறை நான் என் சிவப்புச் சைக்கிளைக் கொண்டுபோனேன். அதன் ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் நானே கோத்தேன். மட்கார்டில் ஓடுகிற வெண்ணிறக் கோட்டைத் தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்தேன். ஹயாத்து, என் மனைவி, தன்னுடைய சைக்கிளில் பின்னால் வந்தாள்.

சனம் முழுக்க அவளுடைய சைக்கிளைச் சுற்றித்தான் நின்றது. தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்த சைக்கிள் அது. தாடி வைத்த ஒருவர் தரையில் முழங்கால் போட்டுக் கீழே இருந்து பார்த்தார். ஒரு பெண், "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டாள்.

"என்னுடைய மூத்த சகோதரர்," என்றாள் ஹயாத்து, இங்கே கற்ற ஆங்கிலத்தில்.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இவரும் கட்டுவார் என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. மறந்திருப்பாள். வேண்டுமென்று மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் மறந்தது அதைவிடவும் சுட்டது.

2

அந்தச் சைக்கிளைக் கட்டியவன் ஆதம்பாவா. ஹயாத்தின் காக்கா, எனக்கு மச்சான். கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் ஒரே வகுப்பு, ஒரே வளவு. நான் அவளைக் கட்டிய அன்றிலிருந்து அவன் என்னை "நீங்க" என்று கூப்பிடத் தொடங்கினான். நான் அவனை இன்றைக்கும் "நீ" என்றுதான் சொல்கிறேன். மரியாதையில் அவன் என்னை முந்திவிட்டான் என்ற எண்ணம் எனக்கு அப்போதே இருந்தது.

அவனுக்குச் சந்தைக்குப் பின்னால் உழவு டிரக்டர் திருத்துகிற பட்டறை. நான் கொழும்பு போய்க் கப்பலில் ஃபிட்டராக ஏறி, கடைசியில் இந்தத் துறைமுகத்தில் இறங்கி வேலை எடுத்தேன். சில வருஷம் கழித்து ஹயாத்தும் மகள் பரீனாவும் வந்து சேர்ந்தார்கள்.

குடிவரவுத் தாள்கள் எழுதுகிற கந்தோரில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் மீராசாகிபு. ஹயாத்து மிஸிஸ் மீராசாகிபு. மாமனாரின் பெயரை வாயால் சொல்லாத குடும்பத்தில் வளர்ந்தவள். பல்வைத்தியர் வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, மாமா வந்துவிட்டார் என்று எழும்பி முக்காட்டை இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வீடு வரும் வரைக்கும் சிரித்தோம். அப்படிச் சிரித்த நாட்கள் இங்கே அதிகமில்லை.

அவளுடைய நாள் என்ன என்று நான் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து கடைக்கு நடக்க ஏலாது. பஸ் எப்போதாவது வரும். கார் ஓட்ட அவளுக்குப் பயம். நான் வேலையால் வந்து கூட்டிப் போனால்தான் மரக்கறி. நானோ வந்ததும் கராஜுக்குள் போய்விடுவேன். குப்பையில் எடுத்த ஒரு துருப்பிடித்த சட்டத்தில் தொடங்கிய ஆசை அது. பெயிண்ட் சுரண்டி, வளைந்ததை நிமிர்த்தி, சந்தையில் பழம்பொருள் விற்கிறவர்களிடம் தேடித் தேடி ஒவ்வொரு துண்டாய்ச் சேர்த்தேன். ஹயாத்து தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இதில நெல்லு மூட்ட ஏத்தலாமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இது அதுக்கில்ல."

"அப்ப எதுக்கு?"

"பாக்கிறதுக்கு."

அவள் பார்த்தாள். கை நீட்டி டேங்கைத் தொடப் போனாள். "பெயிண்ட் காயல்ல," என்றேன். கையை எடுத்துக்கொண்டாள்.

சிவப்புச் சைக்கிள் முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஆதம்பாவாவுக்குத்தான். பார்த்து ஒரு பெருமூச்சு விடட்டும் என்று.

3

எண்பதுகளின் தொடக்கத்தில், பரீனாவுக்குப் பள்ளிக்கூட நீண்ட விடுமுறை வந்தபோது, மூவருமாக ஊருக்கு வந்தோம். எங்களை ஏற்றிவந்த வான் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பவும், எதிரே ஆதம்பாவா சைக்கிளில் வந்தான். நான் முதலில் பார்த்தது ஹேண்டிலை. எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து வளைந்திருந்தது. பிறகுதான் விளங்கியது, அது என் சைக்கிள். நான் அனுப்பிய போட்டோவில் இருந்த சைக்கிள்.

இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். குழாய்க்குள் மணல் அடைத்து நெருப்பில் வாட்டி வளைத்திருந்தான். சக்கரங்கள் ஒரு பழைய மொபெட்டில் கழற்றியவை. முன் ஃபோர்க்கில் வைத்த ஸ்பிரிங் டிரக்டர் ஆசனத்தினுடையது. டேங்க் மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்து எடுத்தது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கிற வித்தை போட்டோவில் தெரியாதுதானே, அதனால் சாதாரண சைக்கிளின் கம்பிப் பிரேக்கைப் பொருத்தியிருந்தான். சீட்டுக்குள் தேங்காய்த் தும்பு திணித்து மேலே மாட்டுத் தோல் தைத்திருந்தான்.

நான் போட்டோ எடுத்தது வலப்பக்கத்தில். இடப்பக்கம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவனாக யோசித்து டேங்கின் இடப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தான். திறந்தால் உள்ளே குறடு, டயர் ஒட்டுகிற சாமான், ஒரு சுருள் கயிறு.

"ஒங்கடதில இந்தக் கதவு எப்பிடி மச்சான் வெச்சிருக்கு? போட்டோவுல தெரியல்ல. நான் குருட்டுமட்டத்துக்குச் செஞ்சன்," என்றான்.

"என்டதில கதவில்ல," என்றேன்.

"அப்ப உள்ள சாமான் எப்பிடி வெக்கிற?"

"வெக்கிறல்ல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

ஊர் அதற்கு எருமைச் சைக்கிள் என்று பெயர் வைத்திருந்தது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடுகிற நேரம், சின்ன வயதுக் கூட்டாளி ஒருவன் தோளில் தட்டினான். "இஸ்மாலெவ்வ, நீயும் அங்க ஒண்டு செஞ்சிரிக்கியாமே, ஆதம்பாவாட மாதிரி?"

ஆதம்பாவாட மாதிரி. அந்த இரண்டு சொல்லோடு வீட்டுக்கு நடந்தேன். முதலில் செய்தது நான், போட்டோ அனுப்பியது நான் என்று ஒவ்வொருவராய்ப் பிடித்து விளக்கவா முடியும்? ஒருவரிடம் விளக்கியும் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன, ரெண்டு பேரும் சொந்தந்தானே," என்றார்.

நம்முடைய பக்கத்தில் வீடு பொம்பிளைக்குச் சொந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் கதவைத் திறக்கிறவன் நான். கல்முனையில் நான் மாப்பிள்ளை; நல்ல துண்டாய்ப் பார்த்து இறைச்சி வைப்பார்கள், தயிருக்கு மேல் இனிப்புப் பாணி ஊற்றுவார்கள், ஆனால் எந்தக் கதைக்கும் முடிவு கேட்பது ஆதம்பாவாவிடம். பரீனாகூட ஒரு கிழமைக்குள் "மாமா, மாமா" என்று அவனுக்குப் பின்னால் திரிந்தாள். இங்கே தமிழில் ஒரு சொல் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறவள், அங்கே பிறகு வருகிறேன் என்பதை ஊர்ப் பேச்சில் "மறுகா வாறன்" என்று கூவிக்கொண்டு ஒழுங்கையால் ஓடினாள். அதையும் நான் சந்தோஷமாகப் பார்க்கவில்லை.

4

ஒரு நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலால் வந்தேன். வீட்டில் ஹயாத்தும் இல்லை, பிள்ளையும் இல்லை. முற்றத்தில் நின்ற சைக்கிளும் இல்லை. ஹயாத்தின் உம்மா, என் மாமி, "கடற்கரைப் பக்கம் போனாங்க," என்றார்.

கரைவலைத் தோணிகள் ஏற்றிவைத்த இடத்துக்கு வந்தபோது வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. அலை வந்து திரும்புகிற இடத்தில் மணல் இறுகிக் கிடக்கும். அந்த இறுகிய மணலில் ஹயாத்து சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். நீளக் காற்சட்டை, அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே இறங்கிய சட்டை, கழுத்தோடு இறுக்கிக் கட்டிய முக்காடு. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆதம்பாவா ஓடினான். சாரன் மடித்துக் கட்டியிருந்தான். பரீனா பக்கத்தில் குதித்துக்கொண்டு போனாள்.

"விட்டுராத காக்கா, விட்டுராத," என்று ஹயாத்து சொல்லிக்கொண்டே போனாள்.

"விடல்ல தங்கச்சி, நீ மிதி. முன்னுக்குப் பாரு, கீழ பாக்காத."

சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டான். அது அவளுக்குத் தெரியாது. கொஞ்சத் தூரம் தனியாகப் போனாள். அப்புறம் அவன் குரல் தூரத்தில் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தாள், ஹேண்டில் ஆடியது, அலைக்குள் சரிந்தாள். விழுந்த இடத்தில் இருந்தபடியே சிரித்தாள். தண்ணீர் அவள் மடிக்கு மேலால் வந்து போனது. வலை இழுக்க வந்தவர்கள் பார்க்காததுபோல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

நான் ஒரு தோணிக்குப் பின்னால் நின்றேன். ஆதம்பாவாவுக்கு அவள் கூடப்பிறந்தவள், அதில் எனக்கு ஒரு தப்பெண்ணமும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவனுக்குக் கிடைத்தது. என் கராஜில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. கடற்கரையில் ஓடுவதற்கென்றே செய்த சைக்கிள்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று நான் ஒன்றைக்கூட மணலில் இறக்கியதில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன்.

"சைக்கிள் ஓடப் பழகிறியாமே?"

"ஓம்." அவள் பிட்டுக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல."

"சொன்னா என்ன சொல்லுவீங்க?"

"அங்க எத்தின சைக்கிள் நிக்கிது. அங்க பழகியிருக்கலாமே."

அவள் குழலைக் கவிழ்த்து வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. "அதுகள் ஒங்கட. இது விழுந்தாலும் ஆரும் ஏசமாட்டாங்க," என்றாள்.

5

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நம்முடைய பள்ளி நிருவாகத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார்; இவர் எங்கள் குடியின் மரைக்கார், எனக்கு மாமா முறை. வேப்ப மரத்தடியில் நின்றோம்.

"மருமகன், ஒரு கத. கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க மாமா."

"ஹயாத்துப் புள்ள விடியக் காலத்தால கடற்கரையில சைக்கிள் ஓடுறாவாம். குமருப் புள்ளைகளும் போய்ப் பாக்குதுகளாம். ஆதம்பாவாவுக்கிட்டச் சொன்னன். அவன், மாப்பிள்ள இரிக்கிற எடத்தில நான் என்ன சொல்லுற எண்டுட்டான். நீங்க ஒரு சொல்லுச் சொன்னா நிண்டிரும்."

எனக்குள் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் இனித்தது. ஒரே ஒரு சொல். நான் சொன்னால் அந்தச் சைக்கிள் முற்றத்தில் நிற்கும், அந்தச் சிரிப்பும் நிற்கும், ஊரும் நல்ல மாப்பிள்ளை என்று சொல்லும். என் பொறாமைக்குத் தொப்பி போட்டுப் பள்ளிக்குள் கூட்டிப் போகலாம்.

அடுத்த நிமிஷம் வேறொன்று தோன்றியது. நிறுத்தினால், பழக்கியவன் ஆதம்பாவா, நிறுத்தியவன் நான் என்றாகும். அவள் ஆயுளுக்கும் அதைத்தான் நினைத்திருப்பாள். நல்லது முழுவதும் அவன் கணக்கில் போய்ச் சேரும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் பழகச் சொன்னன் மாமா," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா?"

"ஓம். அங்க கடைக்குப் போகணும், புள்ளட பள்ளிக்குடத்துக்குப் போகணும். நான் வேலைக்குப் போனா அவ ஆரப் பாத்துக்கிட்டு இரிக்கிற? இஞ்ச கடலும் மணலும் இரிக்கி, விழுந்தாலும் நோகாது. நான்தான் மச்சான்கிட்டச் சொல்லிப் பழக்கச் சொன்னன்."

"நல்லாத்தான் மறைச்சி உடுத்திருக்காவாம்," என்றார் அவர், தனக்குத்தானே ஒரு காரணம் தேடுகிறவர் போல. "ஒங்கட பொறுப்பு மருமகன்." தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் பெரிய மனிதனாக நடந்துகொண்டேன் என்று ஊரில் சிலர் இன்றைக்கும் நினைக்கிறார்கள். அமெரிக்கா போனதால் மனம் விரிந்துவிட்டதாம். விரியவில்லை. அந்தப் பெயரை அவனுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் ஹயாத்தின் காதுக்கு அது வந்துவிட்டது. நான் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். வந்து முன்னால் நின்றாள்.

"நீங்க சொல்லித்தான் நான் ஓடுறனாம். ஊரெல்லாம் கத."

நான் பத்திரிகையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப சொல்லுறன்."

அவள் உள்ளே போனாள். அடுத்த நாள் விடிய, நான் பள்ளிக்குப் போக எழும்பும்போது, "முடிஞ்சதும் கடற்கரைக்கு வாங்க. காக்காவுக்கு இடுப்பு நோகுதாம்," என்றாள். போனேன். சீட்டைப் பிடித்தேன். ஆனால் அவளுக்கு அப்போது யாரும் பிடிக்கத் தேவை இருக்கவில்லை. நான் தொட்டதும் திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போய்விட்டாள். வெறுங்கையோடு மணலில் நின்றேன். ஆதம்பாவா தோணியில் சாய்ந்திருந்து, "நான் பழக்கின பழக்கம் எப்பிடி மச்சான்?" என்றான்.

6

திரும்புகிற கிழமையில் அவன் சைக்கிளைக் கழற்றிச் சாக்கில் சுற்றத் தொடங்கினான்.

"இதென்ன வேல?" என்றேன்.

"தங்கச்சிக்கு."

"அங்க நான் இதவிட நல்லதா ஒண்டு செஞ்சு குடுப்பன். இதக் காவித் திரியணுமா?"

ஹயாத்து குறுக்கே வந்தாள். "நீங்க செஞ்சா அது ஒங்கட சைக்கிளாத்தான் இரிக்கும். எனக்கு இது."

அதற்குப் பிறகு என்ன கதை? சட்டத்தை ஒரு பொதியும், சக்கரங்களை ஒரு பொதியுமாகக் கட்டினான். டேங்குக்குள் அவன் மனைவி கருவாட்டைச் சுற்றி வைத்திருந்தாள். அதைக் கொழும்பில் கண்டுபிடித்து எடுத்தேன்.

இங்கத்தைய விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எல்லாவற்றையும் விரித்துப் பார்த்தார். குழாய்க்குள் கம்பி விட்டுக் குடைந்தார். சட்டத்துக்குள் ஒட்டியிருந்த மணல் கொட்டியது. கல்முனை மணல். அதை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். பிறகு சீட்டை அமுக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார்.

தும்புக்கு ஆங்கிலத்தில் கொயர் என்றுதானே படித்தோம். "கொயர்," என்றேன். அவருக்கு அது தேவாலயத்தில் பாடுகிற குழு என்று கேட்டிருக்கிறது. அந்தச் சொல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். சீட்டுக்குள் பாட்டுக் குழுவா என்றார். நான் தேங்காய் என்றேன். தேங்காயா என்று அதிர்ந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர், தாவரப் பொருள், உள்ளே விட முடியாது என்று எழுதினார். நான் ஒரு கத்தியைக் கேட்டுத் தோலைப் பிரித்துத் தும்பை மட்டும் எடுக்கலாம் என்றேன். தோலும் விலங்குப் பொருளாம். சீட் முழுவதும் போயிற்று.

ஹயாத்தின் கண் கலங்கியது. நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இந்தச் சைக்கிளில் இனி ஒரு துண்டாவது நான் செய்ததாக இருக்கும்.

அடுத்த ஒரு மாதம் அந்தச் சீட்டுக்காகத்தான் கராஜுக்குப் போனேன். நல்ல தடித்த தோல் தேடினேன். தண்ணீரில் ஊறவைத்து அச்சில் இழுத்துக் காயவைத்தேன். கீழே இரட்டை ஸ்பிரிங் வைத்தேன். என் சிவப்புச் சைக்கிளுக்குக்கூட அப்படி ஒன்று செய்யவில்லை. பூட்டிக் கொடுத்தேன். அவள் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள்.

"எப்பிடி?"

"நல்லாரிக்கி." இறங்கி நின்று யோசித்தாள். "காக்காட சீட் இதவிடக் கொஞ்சம் மெத்தெண்டு இரிந்திச்சி."

7

அதற்குப் பிறகு வீட்டின் பழக்கம் மாறியது. ஹயாத்து கடைக்குத் தானே போனாள். ஹேண்டிலில் ஒரு கூடை மாட்டச் சொன்னாள், மாட்டினேன். நூலகத்தில் ஆங்கில வகுப்பு இருப்பதை அவளே கண்டுபிடித்துச் சேர்ந்தாள். அங்கே ஒரு வியட்நாம்காரப் பெண்ணும் ஒரு மெக்சிகோக்காரப் பெண்ணும் சினேகிதம் ஆனார்கள். மூவரும் சேர்ந்து ஒரு தையல் கடையில் வேலைக்குப் போனார்கள். மழைக் காலத்தில் நான் காரில் கூட்டிப் போகிறேன் என்றால், "நீங்க ஒங்கட வேலயப் பாருங்க," என்பாள். முன்பு நான் வரும் வரைக்கும் ஜன்னலில் பார்த்திருந்தவள். இப்போது நான் வேலையால் வந்து, அவள் வருகிறாளா என்று ஜன்னலால் பார்க்கிறேன். இதற்கும் பொறாமை என்று பெயர் சொல்லலாமா என்று தெரியவில்லை. கிட்டத்தட்ட அதுதான்.

பரீனா இப்போது கல்லூரி போகிறாள். கார் ஓட்டுகிறாள். உம்மா அந்தச் சைக்கிளில் தன் கல்லூரிப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு முறை சொன்னாள். ஊரில் இருந்து தொலைபேசி வந்தால், "மாமா, சுகமா?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லுகிற பதில் விளங்காமல் உம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

ஊர் நிலைமை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. சண்டை என்று பாதை பூட்டுகிறார்கள், திறக்கிறார்கள். வயலுக்குப் போகப் பயந்து டிரக்டர்களை ஓரங்கட்டிவிட்டார்களாம். பட்டறையில் வேலை இல்லை. பெரியநீலாவணையில் இருந்து தினமும் சைக்கிளில் வந்து அவனோடு சேர்ந்து வேலை செய்த தமிழ்க் கூட்டாளி இப்போது வருவதில்லையாம். முஸ்லிம் ஊருக்குள் வர ஏலாதாம். இதை ஆதம்பாவா சொல்லவில்லை. மாமி சொல்லித்தான் தெரியும். அவன் கதைத்தால் பகிடிதான்.

போன வருஷம் ஹயாத்து இந்நாட்டுக் குடியுரிமைச் சோதனை எழுதிச் சத்தியம் செய்துகொண்டாள். வந்தவுடன் முதல் காரியமாகக் கூடப்பிறந்தவர்களைக் கூப்பிடுகிற தாள்களை வாங்கிக்கொண்டு வந்தாள். காக்காவையும் அவன் பெண்சாதி பிள்ளைகளையும் இங்கே எடுப்பதற்கு. அவர்களைத் தாங்குவோம் என்று புருஷனாகிய நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் சமையலறை மேசையில் மாதக் கணக்காகக் கிடந்தது. போடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பார்ப்போம் என்று சொன்னேன். அவள் அதைத் தூக்கி வைத்துவிட்டுச் சோறு பரிமாறுவாள், பிறகு திரும்ப அதே இடத்தில் வைப்பாள்.

8

அந்த ஞாயிறு, நான் சாப்பிடாமல் படுத்திருந்த மத்தியானம் கழிந்து, பின்னேரம் தொலைபேசி அடித்தது. ஆதம்பாவா ஒரு கடையில் வரிசையில் நின்று எடுத்திருந்தான். அங்கே அடுத்த நாள் விடிந்திருந்தது. ஹயாத்து கடற்கரையில் நடந்ததெல்லாம் சொன்னாள். தாடிக்காரர் தரையில் முழங்கால் போட்டதைச் சொன்னபோது அவன் சிரித்த சத்தம் எனக்குக் கட்டில் வரைக்கும் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சான், சுத்திவர நிண்டு பாத்தாங்களாமே?"

"ஓம்."

"டேங்குக் கதவத் தொறந்து காட்டினாவா?"

"காட்டினா. எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க."

"ஒங்கடதையும் பாத்திருப்பாங்கதானே?"

"பாத்தாங்க," என்று பொய் சொன்னேன்.

"பாக்காம? அது அசல். அந்த போட்டோவ நான் எத்தின நாள் வெச்சுப் பாத்தன் தெரியுமா. பாக்கப் பாக்க வயிறு எரியும். ஆனாக் கையும் சும்மா இரிக்கல்ல, மறுகாதான் குழாய வளைக்கத் தொடங்கின."

தொலைபேசிக் கோட்டில் இரைச்சல். கடைக்காரர் யாரோ அவனை முடிக்கச் சொல்வது கேட்டது.

"என்ட சைக்கிள் அமெரிக்காவப் பாத்துட்டுது மச்சான்," என்றான். "நான்தான் பாக்கல்ல."

பகிடியாகத்தான் சொன்னான். சிரிக்கவும் செய்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அவன் குரல் எப்படியோ ஆகிவிட்டது. சின்ன வயதில் இருந்து அவனுக்கு எதிலாவது என்மேல் பொறாமை வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தவன் நான். வந்திருந்தது. வந்ததை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஒழுங்காக இரு, வெளியே திரியாதே என்று ஏதோ சொன்னேன். கோடு அறுந்துவிட்டது.

ஹயாத்து மேசையில் இருந்து மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தாள் அவளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. பேனை எடுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவள் கத்தியை நிறுத்தினாள். கையைத் துடைத்துவிட்டு, மத்தியானச் சோற்றைச் சூடாக்கி வைத்தாள். தின்றேன்.

இந்தத் தாள் போய், அது இன்னொரு கந்தோருக்குப் போய், அவன் முறை வருவதற்குப் பல வருஷம் பிடிக்கும் என்று சொல்கிறார்கள். அப்படி இருந்தும் நேற்று வேலையால் வந்ததும் கராஜில் என் வேலை மேசையைத் துடைத்துச் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். அவன் வந்தால் சும்மா இருக்கமாட்டான், கட்டத்தான் போகிறான். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று மேசையின் நடுவை அளந்து சோக்கால் ஒரு கோடு போட்டேன். பிறகு அதை அழித்துவிட்டு, என் பக்கம் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று அவன் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.